மதுரை மாசி வீதியில் வண்டியை எங்கே நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு மாசி வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் துணி விலையைக் கேட்பதற்கு முன்னால் கேட்பது, "அண்ணே, வண்டிய இங்க விடலாமா?" என்பதைத்தான். வியாபாரிகள் கூட்டத்தில், எங்கள் சந்துக்காரர்கள் கூடிப் பேசும்போது, வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போன் போடும்போது என்று திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். சட்டம் சொல்வதைச் சட்டம் என்றும், என் கருத்தை என் கருத்து என்றும் பிரித்தே சொல்கிறேன்.

மதுரையில் மட்டும் ஏன் இவ்வளவு நெருக்கடி?

எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊரில் தெருக்கள் அமைந்த விதமும் அதற்கு ஒரு காரணம். கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள் சுற்றி வருகின்றன. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் ஒழுங்குபடுத்திய அமைப்பு இது. சாமி புறப்பாடு வருவதற்கும், தேர் ஓடுவதற்கும், ஜனங்கள் நடப்பதற்கும் விட்ட அகலம். அதற்கு வெளியே கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தபோது கிடைத்தவைதான் வெளி வீதிகள். அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி பெயர்களில் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான் விளக்குத்தூண்.

உள்சதுரத்தின் அகலம் அதற்குப் பிறகு கூடவில்லை. கடைப்படியும் சாய்ப்பும் முன்னால் வந்து வந்து குறைந்திருக்கிறது. ஆனால் வியாபாரம் முழுக்க அதே சதுரத்துக்குள்தான். நகைக்குத் தெற்கு ஆவணி மூல வீதி, மளிகை மொத்தத்துக்குக் கீழமாசி வீதி, துணிக்கு விளக்குத்தூணும் தெற்கு மாசி வீதியும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், மானாமதுரை என்று எங்கிருந்தும் ஒரு கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஒரு குடும்பம் கிளம்பினால் இந்தச் சதுரத்துக்குத்தான் வந்தாக வேண்டும். முன்பு பஸ்ஸில் வந்தார்கள். இப்போது இரண்டு காரில் வருகிறார்கள்.

நிஜமாகவே இடம் இல்லையா?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். மற்ற கேள்விகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஒரு சாதாரணப் புதன்கிழமை. முகூர்த்தம் இல்லை, மழை இல்லை. காலை பத்தரை மணிக்கு ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் கடையிலிருந்து தெருமுனை வரைக்கும் நடந்தேன். நிற்கிற ஒவ்வொரு வண்டியின் எண்ணிலும் கடைசி நான்கு இலக்கத்தை எழுதிக்கொண்டேன். பன்னிரண்டரைக்கு மறுபடி நடந்தேன். மூன்று மணிக்கு ஒருமுறை, ஆறு மணிக்கு ஒருமுறை. நான்கு பத்தி. சாயங்காலம் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால், நான்கு பத்தியிலும் அதே எண்கள் வந்துகொண்டே இருந்தன. பாதிக்கு மேல் அப்படித்தான்.

யார் வண்டி என்று விசாரிக்கவே தேவையில்லை. சீட்டில் வெயில் படாமல் இருக்க அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். அந்த அட்டையில் என்ன சரக்கின் பெயர் அச்சடித்திருக்கிறது என்று பார்த்தால் எந்தக் கடை வண்டி என்று தெரிந்துவிடும். வளையல் கடை அட்டை, பாத்திரக்கடை அட்டை, உள்ளாடை அட்டை. வேட்டிப் பெட்டியின் அட்டை போட்டு நின்ற ஒரு வண்டி என்னுடையது.

அதாவது, வாடிக்கையாளருக்கு என்று நாம் நினைக்கும் இடத்தில் கடை முதலாளியும் கடையில் வேலை பார்ப்பவர்களும் காலையிலேயே வந்து நிறுத்திவிடுகிறோம். ஒரு வண்டி பத்து மணி நேரம் நின்றால் அந்த இடத்தால் ஒரு ஆளுக்குத்தான் பயன். அதே இடத்தில் அரை மணிக்கு ஒரு வண்டி மாறினால் இருபது பேர் வந்து சாமான் வாங்கிப் போயிருப்பார்கள். இடம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இருக்கிற இடம் சுழலவே இல்லை என்பதுதான் பெரிய உண்மை. அந்த வாரத்திலிருந்து நான் வண்டியைத் தெற்கு வெளி வீதிப் பக்கம் ஒரு கட்டண ஸ்டாண்டில் விட்டுவிட்டு நடந்து வருகிறேன்.

வெளியூரிலிருந்து காரில் கோயிலுக்கு வருகிறோம். எங்கே விடுவது?

சித்திரை வீதிகளுக்குள் வண்டி போக முடியாது. கோயிலைச் சுற்றி நாலு பக்கமும் நடப்பவர்களுக்குத்தான். நடக்க முடியாத பெரியவர்களுக்குப் பேட்டரி கார் ஓடுகிறது. அதனால் கோபுரத்தை ஒட்டிக் கொண்டுபோய் இறக்கிவிடலாம் என்று கூகுள் மேப்பை நம்பி ஆவணி மூல வீதிக்குள் நுழைய வேண்டாம். உள்ளே போய் மாட்டிக்கொண்டால் திருப்பவும் முடியாது.

வடக்கு ஆவணி மூல வீதியில், பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில், ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் கட்டிய அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்து கோயில் நடக்கும் தூரம்தான். பெரியார் பேருந்து நிலையத்தைத் திரும்பக் கட்டியபோது அங்கும் கீழே வாகன நிறுத்தம் வைத்தார்கள். டவுன் ஹால் ரோடு வழியாக நடந்தால் மேலக்கோபுரத்துக்கு வந்துவிடலாம்.

என்னைக் கேட்டால், ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளிலும் காரை ஊருக்கு வெளியே தெரிந்தவர் வீட்டிலோ தங்கும் விடுதியிலோ விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் வருவதுதான் நிம்மதி. ரயிலில் வந்தால் இன்னும் நல்லது. ஜங்ஷனிலிருந்து கோயிலுக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர்தான்.

அடுக்குமாடி நிறுத்தம் கட்டியும் தெருவில் ஏன் வண்டி குறையவில்லை?

மாடியில் காசு, தெருவில் இலவசம். இப்படி இருந்தால் யார் மாடிக்கு ஏறுவார்கள்? கூடுதல் வசதி உள்ள இடத்துக்குக் கூடுதல் விலை என்பதுதான் எந்த வியாபாரத்துக்கும் வழக்கம். கடை வாசலில் நிறுத்துவதற்குத்தான் அதிக விலை இருக்க வேண்டும், நாலு நிமிடம் நடக்க வேண்டிய மாடி நிறுத்தத்துக்குக் குறைந்த விலை இருக்க வேண்டும். நம்மிடம் அது தலைகீழாக இருக்கிறது.

இன்னொன்று, கட்டடம் கட்டுவது ஒரு முறை செய்கிற வேலை. தெருவில் நிற்கும் வண்டியை ஒழுங்குபடுத்துவது தினமும் செய்ய வேண்டிய வேலை. முதல் வேலைக்குத் திறப்பு விழா உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. இரண்டாவது நடக்காமல் முதலாவதால் பலன் வராது.

பொதுத் தெருவில் நிறுத்தக் காசு வாங்குவது நியாயமா? ஏழைகள் பாதிக்கப்பட மாட்டார்களா?

நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு கார் நிறுத்த இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். சுமார் 135 சதுர அடி. எங்கள் தெருவில் அந்த அளவுக்கு ஒரு கடை வாடகைக்குப் பிடிக்க என்ன அட்வான்ஸ், என்ன வாடகை என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே அளவு நிலத்தை, அதே தெருவில், ஒரு காருக்கு நாள் முழுக்கச் சும்மா கொடுக்கிறோம். அதில் கால்வாசி இடத்தில் கூடையை வைத்துப் பூ விற்கிற அம்மாவை மட்டும் "எடும்மா, எடும்மா" என்று விரட்டுகிறோம். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையே, வண்டி அடைத்துக்கொள்ளும் நிலத்தின் மதிப்பைக் கட்டணம் காட்ட வேண்டும் என்றுதான் சொல்கிறது.

ஏழைகள் என்ற கவலை சரியான கவலை. ஆனால் மாசி வீதிக்கு வரும் ஏழை பெரும்பாலும் பஸ்ஸில் வந்து பெரியாரிலோ சிம்மக்கல்லிலோ இறங்கி நடக்கிறவர். கையில் பிள்ளை, தோளில் பை. நடைபாதையில் பைக் ஏறி நிற்பதால் அவர் ரோட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கும் நிற்கிற காருக்கும் நடுவில் புகுந்து போகிறார். இலவச நிறுத்தத்துக்கான விலையை இன்று கொடுத்துக்கொண்டிருப்பவர் அவர்தான்.

கட்டணம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. முதல் கால் மணி நேரம் இலவசமாக இருக்கட்டும். மருந்து வாங்க, ஒரு தாம்பூலப் பை கட்டு எடுக்க அது போதும். அடுத்த ஒரு மணிக்குக் குறைந்த கட்டணம். அதற்கு மேல் மணிக்கு மணி கூடிக்கொண்டே போக வேண்டும். நாள் முழுவதற்கும் ஒரே டோக்கன் என்பது உள்வீதிகளில் இருக்கவே கூடாது. அது என்னைப் போன்ற கடை ஆட்களுக்குப் பாதி விலையில் இடத்தை எழுதிக் கொடுப்பது.

எவ்வளவு கட்டணம் என்று எப்படி முடிவு செய்வது?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் வாழ்நாளெல்லாம் வாகன நிறுத்தத்தையே ஆராய்ந்தவர். அவர் சொன்ன அளவுகோல் எளிமையானது: ஒரு தெருவில் 85 சதவீத இடம் நிரம்பியிருக்க வேண்டும். அதாவது ஏழு இடத்தில் ஒன்று எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நிரம்பினால் கட்டணம் குறைவு, கூட்டுங்கள். நிறைய காலியாகக் கிடந்தால் கட்டணம் அதிகம், குறையுங்கள். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2011-இல் இதைச் செய்து பார்த்தது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் நமக்கு இதைவிட முக்கியம். கலிஃபோர்னியாவில் பாசடீனா என்ற ஊரின் பழைய கடைவீதியில் 1993-இல் கட்டண மீட்டர் வைத்தார்கள். கடைக்காரர்கள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. வசூலாகும் பணம் அதே தெருவின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரத்துக்கும் செலவாகும் என்று சொன்ன பிறகு சம்மதித்தார்கள். தெற்கு மாசி வீதியில் வசூலான பணத்தில் தெற்கு மாசி வீதியில் பெண்களுக்குச் சுத்தமான ஒரு கழிப்பறை வந்தால் யாரும் டோக்கனுக்கு முகம் சுளிக்க மாட்டார்கள். ஜவுளி எடுக்க வரும் பெண்கள் எங்கள் கடையில் முதலில் விசாரிப்பது வண்டி நிறுத்தும் இடம் என்றால் இரண்டாவது அதுதான்.

எங்கெங்கே நிறுத்தக் கூடாது? போர்டு இல்லாவிட்டால் நிறுத்தலாமா?

போர்டு இல்லை என்பதால் அனுமதி என்று ஆகிவிடாது. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் பட்டியலே இருக்கிறது. நடைபாதை, ஜனங்கள் சாலையைக் கடக்கும் கோடு, பஸ் நிறுத்தம், பள்ளி மற்றும் மருத்துவமனை வாசல், அடுத்தவர் வீட்டு வாசல் ஆகிய இடங்களில் கூடாது. ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையாக நிறுத்தக் கூடாது. சந்திப்புக்கு முன்னும் பின்னும் 50 மீட்டர் வரை கூடாது.

அந்த 50 மீட்டர் கணக்கை அப்படியே மாசி வீதியில் போட்டால், வந்து சேருகிற சந்துகளைக் கழித்த பிறகு மிச்சம் மிகக் கொஞ்சம். அதனால்தான் எங்கே நிறுத்தலாம் என்பதைத் தரையில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு அதற்கான அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. உள்ளாட்சியோடு கலந்து பேசித்தான் இடங்களைத் தீர்மானிக்க வேண்டும். கோடு தெளிவாக இருந்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

குறியீட்டில் ஒரு வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. நீல வட்டத்தில் சிவப்புக் கோடு ஒன்று குறுக்கே இருந்தால் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. இரண்டு கோடு பெருக்கல் குறியாக இருந்தால் ஆள் இறக்க ஒரு நொடி நிற்கவும் கூடாது.

கடைக்காரர் வைக்கும் 'நோ பார்க்கிங்' போர்டு செல்லுமா?

செல்லாது. போக்குவரத்துக் குறி வைக்கும் அதிகாரம் அரசுக்கும் அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் மட்டும்தான். கடைக்கு முன்னால் பழைய டயரில் சிமெண்ட் ஊற்றி வைப்பது, கயிறு கட்டுவது, பூந்தொட்டி வைப்பது எல்லாம் பொது இடத்தை அடைப்பதுதான். ஆனால் உங்கள் வீட்டு வாசலையோ கடை வாசலையோ மறித்து ஒருவர் வண்டி நிறுத்தினால், போர்டு இல்லாமலேயே அது தவறு.

வண்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்ன செய்வது?

முதலில் பதறாதீர்கள், திருட்டா டோவிங்கா என்று உறுதிப்படுத்துங்கள். பக்கத்துக் கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பகுதியின் போக்குவரத்துக் காவல் நிலையத்துக்குப் போங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆவது பிரிவு இரண்டு சந்தர்ப்பத்தைச் சொல்கிறது. நிறுத்தக் கூடாது என்று சட்டப்படி தடை உள்ள இடத்தில் நிற்கும் வண்டி ஒன்று. பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டி இன்னொன்று. இரண்டையும் அப்புறப்படுத்தவோ சக்கரத்தைப் பூட்டவோ சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். இழுத்துச் சென்ற செலவும் வண்டிக்காரர் தலையில்தான், அது அபராதத்துக்கு மேல். அபராதம் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறைகளில் 1,500 ரூபாய். 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தொகை இது.

கையில் பணமாகக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் வராதீர்கள். இ-சலான் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் நாலு பக்கமும் ஒரு போட்டோ. இழுக்கும்போது இண்டிகேட்டரோ கண்ணாடியோ உடைந்திருந்தால் அங்கேயே எழுதிக் கொடுக்க வேண்டும், வீட்டுக்கு வந்து சொன்னால் எடுபடாது.

பலகையில் ஒரு கட்டணம், கேட்பது வேறு. ரசீதும் தருவதில்லை. யாரிடம் சொல்வது?

எனக்கே நடந்தது. சிவகங்கையிலிருந்து வந்த மைத்துனர் குடும்பத்தோடு ஒரு நிறுத்தத்தில் காரை விட்டோம். பலகையில் எழுதியிருந்ததைப் போல இரண்டு மடங்கு கேட்டார் அங்கே நின்ற தம்பி. ரசீது கேட்டதும் ஒரு பழுப்பு அட்டைத் துண்டை நீட்டினார். அதில் பேனாவால் கார் எண் மட்டும். தொகை இல்லை, தேதி இல்லை, குத்தகைதாரர் பெயர் இல்லை. "அச்சடிச்ச ரசீது குடுங்க தம்பி, அதுல உள்ளத குடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு நின்றேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்த பிறகு, மேசைக்குள்ளிருந்து அச்சடித்த புத்தகம் வந்தது. புத்தகம் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அந்தத் தம்பியைத் திட்டிப் பயனில்லை. நாள் கூலிக்கு நிற்கிறவர். ஏலத்தில் எடுத்த தொகையை எப்படியாவது மேலே எடுக்க வேண்டும் என்று மேலிருந்து வருகிற நெருக்கடி அது. பலகையையும் கொடுத்த துண்டையும் போட்டோ எடுத்து, மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதில் அசைவு இல்லை என்றால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண் இருக்கிறது. புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டண நிறுத்தத்தில் வண்டி தொலைந்தால் பொறுப்பு யாருடையது? 'உரிமையாளரே பொறுப்பு' என்று டோக்கனில் இருக்கிறதே?

அந்த ஒரு வரியோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போன ஒரு வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சாவியை வாங்கிக்கொண்ட விடுதி, தன் பக்கம் அலட்சியம் இல்லை என்று காட்டாமல், டோக்கனில் அச்சடித்த வாசகத்தை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. சாவி உங்கள் கையிலேயே இருந்து, கட்டணம் மட்டும் செலுத்திய இடத்தில் நிலைமை அவ்வளவு நேரடியாக இருக்காது. எப்படியானாலும் டோக்கனைப் பத்திரமாக வையுங்கள், ஹேண்டில் லாக் போடுங்கள், தொலைந்தால் உடனே போலீசில் எழுதிக் கொடுங்கள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தால் இந்தத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம்.

வீட்டில் இடம் இல்லை. சந்தில் காரை நிறுத்திக்கொள்ளலாமா?

எங்கள் சந்து கீழவாசல் பக்கம். ஒரு ஆட்டோ போகும், எதிரே இன்னொன்று வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். வளைவில் ஒருவர் கார் வாங்கி நிறுத்தினார். நல்ல மனிதர், எல்லோரோடும் பழகுவார், அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் இரவு இரண்டு மணி இருக்கும். அடுத்த வீட்டுப் பெரியப்பாவுக்கு நெஞ்சுவலி. 108-க்கு அடித்தோம், சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஆனால் வண்டி சந்து முனையில் நின்றுவிட்டது. வளைவில் கார். கதவைத் தட்டினோம், அவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரைத் தெருப் பையன்கள் நாலு பேர் தூக்கினார்கள். காருக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. தலைக்கு மேல் உயர்த்தி, காரின் கூரைக்கு மேலாகக் கைமாற்றிக் கொண்டுபோனார்கள். பெரியம்மா அவர் கையை விடாமல் காரைச் சுற்றி வர முயன்று, வழியில்லாமல் இந்தப் பக்கமே நின்றுவிட்டார். பெரியப்பா பிழைத்துக்கொண்டார். கார் அடுத்த வாரமும் அங்கேதான் நின்றது.

ஜப்பானில் 1962-இலேயே சட்டம் போட்டார்கள். வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். அந்த இடமும் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. சட்டம் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கார் வாங்க முன்பணம் கட்டும்போதே மாத வாடகைக்கு ஒரு ஷெட்டும் பாருங்கள். தவணையோடு அதையும் ஒரு செலவாகச் சேர்த்துப் பாருங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் காரும் கட்டுப்படியாகவில்லை என்றுதான் அர்த்தம்.

புதுக் கட்டடங்களில் கீழ்த்தளம் வாகன நிறுத்தத்துக்குத்தானே?

வரைபடத்தில் அப்படித்தான் இருக்கும். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு நிறுத்தம் விட வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. அனுமதி வாங்கிய பிறகு அந்தக் கீழ்த்தளம் குடோன் ஆகிறது, தள்ளுபடி விற்பனைக் கூடம் ஆகிறது. வண்டி தெருவுக்கு வருகிறது. புதிதாக ஓர் அடுக்குமாடி நிறுத்தம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கீழ்த்தளங்களைத் திறக்க வைத்தாலே நிறைய இடம் வரும் என்பது என் நம்பிக்கை. செலவும் கிடையாது.

வாசலில் வண்டி நிறுத்த விடாவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமே?

முதலாளிகள் எல்லோருக்கும் உள்ள பயம். எங்கள் முதலாளிக்கும் உண்டு. அவரிடம் நான் காட்டியது அந்த நோட்டைத்தான். வாசலில் நிற்பது வாடிக்கையாளர் வண்டி என்றால் பயத்தில் அர்த்தம் உண்டு. நிற்பது நம் வண்டி.

சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதியை நின்று பார்த்திருப்பீர்கள். ஒரு பைக் இருக்காது, ஒரு கார் இருக்காது. அப்போதுதான் இந்தத் தெரு எவ்வளவு அகலம் என்பது கண்ணில் படும். ஜனம் தோளோடு தோள் உரச நடக்கும். நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் குழந்தையை இறக்கிவிட்டு அம்மா வளையல் பார்ப்பார். நடந்து போகிறவர்தான் கடையின் கண்ணாடிக்குள் பார்க்கிறவர். வண்டியில் போகிறவர் முன்னால் போகும் வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறார்.

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலப்படுத்தி நடப்பவர்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். பக்கத்திலேயே அடுக்குமாடி நிறுத்தமும் வைத்தார்கள். கடைவீதி அங்கேயேதான் இருக்கிறது, ஜனமும் வருகிறது. நம் தெருவை ஒரே நாளில் மூடிவிடச் சொல்லவில்லை. கடை ஆட்களின் வண்டிகளை வெளி வீதிக்கு நகர்த்துவதிலிருந்து ஆரம்பிக்கலாம். அதற்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை, சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும். கடை ஆட்களுக்கு மாதச் சீட்டுக்கு முதலாளி பாதி கொடுத்தால் வேலை சுலபம்.

சரக்கு வண்டிகளை என்ன செய்வது?

கீழமாசி வீதியில் காலை பதினோரு மணிக்கு ஒரு குட்டியானை நின்று மூட்டை இறக்கினால் பின்னால் தெரு முழுக்க நின்றுவிடும். டிரைவரைக் குறை சொல்ல முடியாது. இறக்குவதற்கு என்று ஒதுக்கிய இடமே இல்லை என்றால் நடுரோட்டில்தான் இறக்குவார். பெரிய லாரிக்கு இரவு நேரம், குட்டியானைக்கும் லோடு ஆட்டோவுக்கும் ஒவ்வொரு தெருவிலும் மஞ்சள் கோடு போட்ட இருபது நிமிட இடம், இது போதும். முக்கியமாக, நேரம் முடிவு செய்யும்போது சுமைதூக்கும் தொழிலாளர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இரவு முழுக்க மூட்டை தூக்கிவிட்டு விடியற்காலையில் எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

தரைக்கடைகளை எடுத்தால் இடம் கிடைக்குமே?

கிடைக்கும். அதில் வண்டி நிற்கும். அவ்வளவுதான். 2014-ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது. கணக்கெடுத்து, அடையாள அட்டை கொடுத்து, வியாபாரக் குழு வைத்து முடிவு செய்ய வேண்டும். ஒரு கார் நிற்கும் இடத்தில் மூன்று குடும்பம் பிழைக்கிறது. எனக்கு இதில் இரண்டாவது எண்ணம் இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு இது சலுகை என்று பேசக் கூடாது. சக்கர நாற்காலியை இறக்கித் திருப்ப வேண்டும் என்பதால் அவர்களுக்கான கார் நிறுத்தம் 3.6 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. நுழைவாயிலுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். மூன்று சக்கர ஸ்கூட்டரில் வருபவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களுக்கு என்று ஒதுக்கிய இடத்தில் "அஞ்சு நிமிசம்தான்" என்று பைக்கைச் சொருகிவிட்டுப் போகிறவர்களைத் தயவுசெய்து நிறுத்திக் கேளுங்கள்.

எங்கள் தெருவில் நாங்களே ஏதாவது செய்ய முடியுமா?

எண்ணுங்கள். "ரொம்ப நெருக்கடி" என்று மனு கொடுத்தால் அது மற்ற மனுக்களோடு கோப்பில் போய்ச் சேரும். எண்ணோடு போனால் பதில் சொல்லியாக வேண்டும். மதுரையில் 100 வார்டு. ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபைக் கூட்டம் நடத்தச் சட்டம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் மாமன்ற உறுப்பினர் கையில் தாளைக் கொடுங்கள்.

முறை இதுதான். ஒரு தெருவை எடுத்து இரு பக்கமும் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு பேர் போனால் நல்லது, ஒருவர் எண்ணைப் படிக்க ஒருவர் எழுத. கடைசி நான்கு இலக்கம் போதும், முழு எண்ணையும் எழுதினால் வண்டிக்காரர்கள் சந்தேகப்படுவார்கள், எழுதவும் நேரம் ஆகும். இரண்டு மணிக்கு ஒருமுறை அதே திசையில் நடங்கள். கார், பைக், ஆட்டோ, சரக்கு வண்டி என்று பக்கத்தில் ஓர் எழுத்து. இரண்டாவது வரிசையில் நிற்பதற்கும் நடைபாதையில் நிற்பதற்கும் ஒரு புள்ளி. யாராவது என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் தெருவில் அப்படிக் கேட்ட பாத்திரக்கடை அண்ணாச்சிதான் அடுத்த முறை குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

முகூர்த்த நாளையும் மழை நாளையும் முதல் கணக்குக்கு எடுக்காதீர்கள். ஒரு சாதாரண வேலை நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். தீபாவளிக்கு முந்தின வாரம் வேண்டுமானால் தனியாக ஒன்று எண்ணுங்கள். அன்றைக்கு மட்டும் காலை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் விளக்குத்தூண் பக்கம் நோட்டை விரிக்கக்கூட இடம் இருக்காது.